குறட்டைக்குப் பல் டாக்டரா?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

சாப்பாட்டுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும் என்று காரியதரிசி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்தைப் பற்றிப் பேசினால் அது உரையாக இருக்காது, செய்முறை விளக்கமாகிவிடும் என்பது அவர் கவலை.

தூக்கத்துக்கும் பல் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அழைப்பிதழைப் பார்த்ததும் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒன்று யோசித்துப் பாருங்கள். வேறு எந்த டாக்டர் உங்களைச் சாய்த்துப் படுக்கவைத்து, பிரகாசமான விளக்கைப் போட்டு, அரை மணி நேரம் உங்கள் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்? இருதய டாக்டர் பார்ப்பதில்லை. சர்க்கரை டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி ஒரு விநாடி பார்ப்பார். நாங்கள்தான் நாக்கு, அண்ணம், தாடை, தொண்டை வாசல் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இன்று நான் சொல்லப்போகும் வியாதி குடியிருக்கும் இடம் அந்தத் தொண்டை வாசல்தான்.

ஸ்லீப் ஆப்னியா என்று அதற்குப் பெயர். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். தூங்கும்போது மூச்சு பத்து விநாடிகளாவது நின்று, பிறகு மீண்டும் தொடங்குவது. ஒரு ராத்திரியில் ஒன்றிரண்டு தடவை நின்றால் யாருக்கும் கவலையில்லை. மணிக்கு ஐந்துக்கு மேல் போனால்தான் வியாதிக் கணக்கில் வரும். பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதுக்கு மேல் கடுமை. மணிக்கு முப்பது என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்தில் முங்குவதற்கே மூச்சு முட்டுகிறது என்கிறோம். இவர்கள் தினமும் ராத்திரி இருநூறு தடவை முங்கி எழுகிறார்கள், அதுவும் தங்களுக்கே தெரியாமல்.

ஏன் நிற்கிறது? இது தங்கவயல், இங்கே சொல்வது எனக்குச் சுலபம். உங்கள் அப்பா, தாத்தா காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்தது. பாறையைக் குடைந்துகொண்டே போனால் மட்டும் போதாது, மேலே இருப்பது கீழே இறங்காமலிருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டே போக வேண்டும். முட்டு தளர்ந்தால் வழி அடைபடும். மூக்கிலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதையிலும் அப்படி ஒரு முட்டில்லாத இடம் இருக்கிறது. மூக்கில் எலும்பு உண்டு, மூச்சுக்குழலில் வளையம் வளையமாகக் குருத்தெலும்பு உண்டு. நாக்கின் அடிப்பாகத்துக்குப் பின்னால் உள்ள நாலைந்து அங்குலத்தில் வெறும் தசைதான். விழித்திருக்கும்போது அந்தத் தசைகளே முட்டு. தூங்கினால் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். பாதை குறுகினால் காற்று உரசிக்கொண்டு போகும், அதுதான் குறட்டை. முழுக்க அடைபட்டால் சப்தமே இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், குறட்டையைவிட குறட்டைக்கு நடுவே வரும் நிசப்தத்துக்குப் பயப்பட வேண்டும்.

மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் பிராணவாயு இறங்கும். மூளை அபாயச் சங்கு ஊதும். ஒரு பெரிய இழுப்போடு ஆசாமி பாதி விழித்து, மூச்சு வாங்கி, மறுபடி தூங்கிப்போவார். காலையில் கேட்டால் 'நன்னாத் தூங்கினேனே' என்பார். பொய்யில்லை, அவருக்கு ஞாபகமே இருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் ஏறி இறங்கியிருக்கிறது, இருதயம் பதறி ஓடியிருக்கிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் மூன்று மாத்திரை போட்டும் அடங்காத பிரஷர், இருதயத் துடிப்பு தாறுமாறாவது, பக்கவாதம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறவரைச் சர்க்கரைக்கும் பிராஸ்டேட்டுக்கும் பரிசோதிக்கிறோம், செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த எழுச்சிக்கு மூச்சுத்தடையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலருக்கு நினைவு வருவதில்லை.

நம் ஊரில் குறட்டையைப் பற்றி ஒரு தப்பான மரியாதை இருக்கிறது. கும்பகர்ணன் மாதிரி தூங்குகிறான், கொடுத்துவைத்தவன் என்பார்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய பிக்விக் பேப்பர்ஸ் கதையில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். நின்ற இடத்தில் தூங்குவான், கதவைத் தட்டிக்கொண்டே தூங்குவான். படித்தவர்கள் சிரித்தார்கள். 120 வருஷம் கழித்து, 1956-ல், அமெரிக்க டாக்டர்கள் அதே மாதிரி ஒரு நோயாளியைப் பார்த்து, அந்த நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே வைத்தார்கள். ஐரோப்பாவில் 1965-ல்தான், தூங்கும்போது மூச்சு நிற்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். ஆக இது புது வியாதி அல்ல, புதிதாகக் கண்ணில் பட்ட வியாதி.

நமக்கு வருமா, நாமெல்லாம் சாது, தயிர்சாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பம்பாய் ஹிந்துஜா ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் உத்வாடியாவும் அவர் குழுவினரும் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த, 35-லிருந்து 65 வயதுக்குட்பட்ட நகரத்து ஆண்களைப் பார்த்ததில், நூற்றுக்கு 19-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அதோடு பகல் தூக்கமும் சேர்ந்த முழு நோய் 7.5 சதவீதம். இவர்கள் எந்தப் புகாரும் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அல்ல. 2022 பிப்ரவரியில் ஹிந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, ஆஸ்பத்திரி அறிவித்த காரணங்களில் இந்த மூச்சுத்தடையும் ஒன்று. கழுத்து நிறையத் தங்கம் போட்டுக்கொண்டு மேடையேறியவர். தங்கவயலில் அவரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா!

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பதும் பாதி உண்மைதான். எடை பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் கீழ்த்தாடை உள்வாங்கி இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். சின்ன வீட்டில் பெரிய கட்டிலைப் போட்ட மாதிரி, சின்னத் தாடைக்குள் நாக்குக்கு இடமில்லை, பின்னால்தான் போக வேண்டும். தாடையின் அளவை ஆராய்வது எங்கள் தொழில்.

இனி இந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடிய பிறகு, இங்கே வயிற்றுப்பிழைப்பு ரயிலேறிப் போய்விட்டது. விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் வண்டி பிடித்து, பங்காரப்பேட்டை வழியாகப் பங்களூர் போய், ராத்திரி திரும்பி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காலை வண்டியில் பெட்டி முழுக்கத் தூங்கிக்கொண்டுதான் போகும். பார்த்தால், யார் தூக்கம் போதாமல் தூங்குகிறார், யார் வியாதியால் தூங்குகிறார் என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் ஆபத்து. 'மூணரை மணிக்கு எழுந்திருக்கேன், தூக்கம் வராம என்ன பண்ணும்' என்று ஒரு பதில் தயாராக இருப்பதால், வியாதிக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறார். நான் இவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு எப்படி இருக்கிறது? 'புதுசாப் பொறந்த மாதிரி' என்றால் அது தூக்கக் கடன். 'அப்பவும் தலை கனம்தான் டாக்டர், வாயெல்லாம் வறண்டு கிடக்கு' என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பழைய சுரங்கக் குடும்பங்களில் இன்னொரு மறைப்பு உண்டு. சிலிகோஸிஸ் என்ற தூசி நோய் இந்தியாவில் முதலில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில்தான், 1947-ல் என்று நம் மருத்துவப் பாடப்புத்தகமே சொல்கிறது. அதனால் இந்த ஊரில் ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கினால், களைத்துப்போனால், ராத்திரி திடுக்கிட்டு எழுந்தால், வீட்டில் எல்லாரும் 'தூசு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தூசு இருக்கலாம். ஆனால் ஒரு நோய் இருப்பதால் இன்னொன்று வராது என்று சட்டமில்லை. நுரையீரல் ஏற்கெனவே பழுதான ஒருவருக்கு ராத்திரி மூச்சும் நின்றால் பிராணவாயு இன்னும் வேகமாக இறங்கும். அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, பல் டாக்டர் என்ன பார்க்கிறார்? நாக்கின் இரண்டு ஓரங்களிலும் பல் பதிந்த அச்சு, முறுக்கு பிழிந்த மாதிரி வளைவு வளைவாக இருக்கும். நாக்குக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருக்கும், ராத்திரி நறநறவென்று கடிப்பதன் அடையாளம். கடிப்பவர் எல்லாருக்கும் மூச்சுத்தடை இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்தே காணப்படுவது அதிகம். வாய் வறட்சி, அதனால் ஈறு வீக்கம், புதுப்புதுச் சொத்தை. வயிற்று அமிலம் மேலே வந்து பல்லின் எனாமலை அரித்திருப்பது. குறுகி உயர்ந்த அண்ணம். உள்ளடங்கிய மோவாய். பெரிய டான்ஸில்.

அப்புறம், வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வோம், 'ஆ' என்று சொல்ல வேண்டாம். உள்நாக்கு முழுசாகத் தெரிகிறதா, பாதி தெரிகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா என்று பார்ப்போம். இதற்கு மல்லம்பட்டி வகைப்பாடு என்று பெயர். உலகமெங்கும் ஆபரேஷன் தியேட்டரில் தினமும் உச்சரிக்கப்படும் இந்தப் பெயர் நம் பக்கத்து ஆந்திராவில் பிறந்த டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டியுடையது. அமெரிக்காவில் பாஸ்டனில் மயக்க மருந்து நிபுணராக இருந்தபோது 1985-ல் இதை எழுதினார். தொண்டையில் குழாய் செலுத்துவது யாருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே அறிய அவர் செய்த வழி. குழாய் போகக் கஷ்டமான தொண்டையில் ராத்திரி காற்று போவதும் கஷ்டம்தானே! ஆகவே எங்களுக்கும் பயன்படுகிறது.

ஆனால் இவையெல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் தெரியவருவது நோயாளியின் வாயிலிருந்து அல்ல, கூட வந்தவர் வாயிலிருந்துதான். ஒரு தம்பதியைச் சொல்கிறேன், பெயர் ஊர் வேண்டாம். சஷ்டியப்தபூர்த்திக்கு இரண்டு வருஷம் பாக்கியிருந்த மாமா. கடைவாயில் போட்ட கேப் இரண்டாவது தடவை உடைந்துபோய் வந்தார். பற்கள் தேய்ந்திருந்தன, நாக்கில் அச்சு, உள்நாக்கு கண்ணுக்கே தெரியவில்லை. 'குறட்டை உண்டா' என்று கேட்டேன். 'லேசா' என்றார். வெளியே உட்கார்ந்திருந்த மாமியைக் கூப்பிட்டேன்.

'லேசாவா? மாடியில இருக்கறவாளுக்குக் கேக்கும். அதுகூடப் பரவாயில்லை டாக்டர். நடுவுல மூச்சே நின்னுடறது. நான் உக்காந்து எண்ணிண்டே இருப்பேன். இருபது, முப்பதுன்னு போகும். தோளைப் பிடிச்சு உலுக்கினா ஒரு இழுப்பு இழுத்துண்டு மறுபடி ஆரம்பிப்பார்.'

'எத்தனை நாளா?'

'பெரியவ கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து.'

பெரியவளுக்கு அப்போது ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அத்தனை வருஷமாக மாமாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியிருக்கிறது. டாக்டரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று மாமியைக் கேட்டேன். 'யாரும் கேக்கலையே' என்றாள்.

மாமாவை நான் அனுப்பிய இடம் நுரையீரல் டாக்டரிடம். பரிசோதனையில் மணிக்கு 41 தடவை என்று வந்தது. இரவில் காற்றழுத்தக் கருவி பொருத்தினார்கள். ஒரு மாதம் கழித்து கேப் போட வந்தபோது மாமி சொன்னது இது: முதல் வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். சப்தமில்லாமல் போனதால், இருக்கிறாரா என்று எழுந்து எழுந்து பார்த்தாளாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் சந்தேகப்படலாம், வியாதி இதுதான் என்று முடிவு கட்டக்கூடாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-ல் வகுத்த கொள்கையும் அதுதான்: கேள்வி கேள், வாயைப் பார், சந்தேகமிருந்தால் உரிய மருத்துவரிடம் அனுப்பு. வாயைப் பார்த்த கையோடு 'குறட்டைக்குப் பிளேட் செய்து தருகிறேன்' என்று அளவெடுக்க ஆரம்பிக்கும் டாக்டரிடம் அவர் என் தொழில்காரராகவே இருந்தாலும் ஜாக்கிரதையாக இருங்கள். குறட்டைச் சப்தம் குறைந்து, மூச்சு மட்டும் நின்றுகொண்டே இருந்தால் அது முன்னைவிட மோசம். மாமி எண்ணுவதையும் நிறுத்திவிடுவாள்.

சந்தேகத்தை எடைபோட இரண்டு கேள்வித்தாள்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் எப்வொர்த் ஆஸ்பத்திரியின் டாக்டர் மரே ஜான்ஸ் 1991-ல் தயாரித்தது ஒன்று. உட்கார்ந்து படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது, சபையில் உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டு சந்தர்ப்பங்கள். கண் அசரும் வாய்ப்புக்கு 0-லிருந்து 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். உபந்யாசத்தில் தூங்குவதைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு உபந்யாசகரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மற்றது கனடாவில் டொராண்டோவின் டாக்டர் ஃபிரான்ஸஸ் சங் 2008-ல் வெளியிட்ட ஸ்டாப்-பேங். குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, பிரஷர், எடை, வயது ஐம்பதைத் தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு, ஆணா என்று எட்டு கேள்விகள். மூன்றுக்கு 'ஆம்' என்றால் பரிசோதனையைப் பற்றி யோசிக்கலாம், ஐந்து என்றால் தள்ளிப்போடக்கூடாது. கழுத்தளவுக்கு டேப் தேவையில்லை, சட்டைக் காலர் பட்டன் போட முடிகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கணக்கில் ஆண்களுக்கு 17 அங்குலம், பெண்களுக்கு 16. நம்மவர்களுக்கு அதற்குக் குறைவாக இருந்தும் வருவதைப் பார்க்கிறோம்.

தீர்ப்பு சொல்வது தூக்கப் பரிசோதனைதான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கி, தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர் ஒட்டிக்கொண்டு தூங்குவது முழுப் பரிசோதனை. இத்தனை ஒயரோடு யாருக்குத் தூக்கம் வரும் என்பீர்கள். இந்த வியாதிக்காரர்களுக்கு வந்துவிடும், அதுதான் வியாதியே. வேறு பெரிய சிக்கல் இல்லாதவர்களுக்கு, விரலில் ஒரு கிளிப், மூக்கில் சிறு குழாய், மார்பில் ஒரு பெல்ட் என்று வீட்டிலேயே செய்யும் பரிசோதனையும் இருக்கிறது. சந்தேகம் பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனையில் ஒன்றும் வராவிட்டால், 'அப்பாடா' என்று விட்டுவிடாமல் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கித் தரும் கைக்கடிகாரங்கள் சிலவற்றுக்கு, மூச்சுத்தடை இருக்கலாம் என்று எச்சரிக்க 2024-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. எச்சரிக்கைதான், தீர்ப்பு இல்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம். பி.இ.எம்.எல். நகரிலேயே பல் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. கோலார் டமக்காவில் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி. பங்களூரில் நிம்ஹான்ஸ் தொடங்கிப் பல இடங்களில் தூக்கப் பரிசோதனை வசதி. தினமும் பங்களூர் போகிறவர்கள் ஒரு ராத்திரி அங்கேயே தங்குவது பெரிய காரியமில்லை.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுத்தர, கடுமையான நோய்க்கு முதல் இடம் சிபேப் என்ற காற்றழுத்தக் கருவிக்குத்தான். ஆஸ்திரேலியாவின் டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்டது. வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முகமூடி வழியே வரும் காற்றின் அழுத்தமே தொண்டைக்கு முட்டாக நிற்கும். தலைமாட்டில் மிஷினா என்று ஆரம்பத்தில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள முகம் சுளித்த பாட்டிகளும் ஒரு காலத்தில் உண்டு.

எங்கள் பங்கு தாடைச் சாதனம். மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, இரண்டையும் இணைத்து, ராத்திரி முழுக்கக் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு நிறுத்திவைக்கும். தாடை முன்னே வந்தால் அதோடு ஒட்டிய நாக்கும் வரும், பின்னால் வழி திறக்கும். லேசான, நடுத்தர நோய்க்கும், சிபேப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது நல்ல வழி. பல்லின் அச்செடுத்து அவரவருக்கென்று செய்ய வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் கடைச் சரக்கு இந்த நோய்க்கு உதவாது. உறுதியான பற்கள் போதிய அளவு வேண்டும், ஈறு ஆரோக்கியம் வேண்டும், தாடை மூட்டில் வலி இருக்கக்கூடாது. முதலில் சில நாள் காலையில் தாடை வலிக்கும், எச்சில் ஊறும். வருஷங்கள் போகப்போகக் கடிவாய் சற்று மாறலாம், அதனால் ஆறு மாதத்துக்கொரு தடவை காட்டியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சாதனத்தைப் போட்டுக்கொண்டே மறுபடியும் ஒரு தூக்கப் பரிசோதனை செய்து எண்ணிக்கை இறங்கியதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மது இருந்தால் விடுவது, தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாமலிருப்பது, இவை எல்லாருக்கும் பொது. தூக்க மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தலாம். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மயக்க டாக்டரிடம் குறட்டையையும் மூச்சுத்தடையையும் கட்டாயம் சொல்லுங்கள். அவர் மருந்தும் கண்காணிப்பும் அதற்கேற்ப மாறும்.

மாமிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்குக் குறட்டை சின்னதாக இருக்கும், அல்லது கேட்க ஆளிருக்காது, பக்கத்தில் படுத்தவர் உங்களைவிட சத்தமாக விடுகிறாரே! மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் பெண்களுக்கும் நிறைய வருகிறது. காலைத் தலைவலி, தூக்கம் வராமை, சதா அசதி, மனச்சோர்வு என்று வேறு வேஷத்தில் வரும். ரத்தம் கம்மி, தைராய்டு என்று பார்த்து ஒன்றுமில்லை என்றால் 'மனசைத் தளர விடாதே' என்று அனுப்பிவிடுகிறார்கள். தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள் என்று நீங்களே சொல்ல வேண்டும். குழந்தைகளில், வாயைத் திறந்துகொண்டு தூங்குவது, குறட்டை, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, வகுப்பில் அமைதியின்மை. பெரும்பாலும் அடினாய்டு, டான்ஸில் காரணம், காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். 'அப்பா மாதிரியே குறட்டை விடறான்' என்று கொஞ்சாதீர்கள்.

உரைக்குப் பிறகு அன்பர்கள் கேட்ட கேள்விகளில் சில:

பல்லே இல்லாதவர்கள், ராத்திரி பல்செட்டைக் கழற்றி வைப்பவர்கள் என்ன செய்வது? என்று ஒரு பெரியவர் கேட்டார்.

பல் போனால் தாடைக்கு ஊன்றுகோல் போய்விடுகிறது, சிலருக்கு மூச்சுத்தடை அதிகமாகிறது. ஆனால் பல்செட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினால் ஈறுக்குக் கெடுதல், பூஞ்சை வரும். ஆகவே பொது விதி கழற்றிவைப்பதுதான். தாடைச் சாதனமும் இவர்களுக்குச் சரியாக நிற்காது. நோய் இருந்தால் சிபேப்பே நல்லது.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான், சிபேப்போடு விமானத்தில் போக முடியுமா?

தாராளமாக. பெட்டியோடு சரக்கில் போடாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள், டாக்டர் கடிதம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். விமானத்திலேயே உபயோகிக்க வேண்டுமானால் விமான கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

காலை ரயிலில் போய்வரும் ஓர் இளைஞர்: பக்கத்தில் உட்காருகிறவர் தினமும் தூங்கும்போது மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்திருக்கிறார். பழக்கமில்லாதவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் கைபேசியில் ஒரு நிமிஷம் அவருடைய சப்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று அவரிடமே அனுமதி கேளுங்கள். பங்காரப்பேட்டையில் வண்டி நிற்கும்போது, விழித்திருக்கும் நேரத்தில் கேளுங்கள். பதிவை அவரிடமே கொடுத்து, வீட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு அம்மாள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.